திருவிருந்துக் கூட்டத்திற்குக் கில்ட் அணிந்து வரலாமா? தாத்தாவின் உடையும் பேரனின் விருப்பமும்

கிளைட்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் வசிக்கிறோம். பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையைச் சேர்ந்த குடும்பம். வெளியில் எங்களை மார்மன்கள் என்றுதான் அறிவார்கள். முழுப்பெயரையே வழங்க வேண்டும் என்று 2018இல் அப்போதைய சபைத் தலைவர் ரஸல் நெல்சன் கேட்டுக்கொண்டதிலிருந்து அந்தப் பெயரை நாங்கள் தவிர்த்து வருகிறோம். தேடி வருகிறவர்களுக்கு விளங்கட்டும் என்றே இங்கே ஒருமுறை குறிப்பிட்டேன்.

என் மாமனார் இங்குள்ள பெர்த் நகரத்துக்காரர். சென்ற குளிர்காலத்தில் காலமானார். அவருடைய கில்ட்டை, அதாவது ஸ்காட்லாந்து ஆண்கள் இடுப்பில் சுற்றி அணியும் கொசுவம் வைத்த பாவாடை போன்ற உடையை, என் மூத்த மகனுக்கென்று மாமியார் எடுத்து வைத்திருந்தார். பிளாக் வாட்ச் என்னும் டார்ட்டன், அதாவது கட்டம்போட்ட கம்பளித் துணி வகை, அது. கரும்பச்சை, கருநீலம், கறுப்பு ஆகிய மூன்றும் கட்டங்களாகக் கலந்திருக்கும். பத்தடி தள்ளி நின்று பார்த்தால் ஒரே கருமையாகத்தான் தெரியும். மகனுக்கு வயது 16. எங்கள் சபையில் இளைஞர்களுக்கு அளிக்கப்படும் ஆரோனிய ஆசாரியத்துவத்தில் ஆசாரியனாக நியமிக்கப்பட்டிருப்பதால், திருவிருந்து மேசையில் இயேசுவின் நினைவாக அப்பத்தையும் தண்ணீரையும் ஆசீர்வதிக்கும் முறை அவனுக்கும் வருகிறது. தாத்தாவின் கில்ட்டை அணிந்துகொண்டு அந்த மேசையில் ஊழியம் செய்ய வேண்டும் என்று அவன் விரும்பினான். நானும் என் மனைவியும் அதில் தவறேதும் காணவில்லை.

மூன்று வாரங்களுக்கு முன்பு வெள்ளைச் சட்டை, டை, கரிய ஜாக்கெட் ஆகியவற்றோடு கில்ட்டை அணிந்து வந்தான். கூட்டம் தொடங்குவதற்குச் சற்று முன்பு, நாங்கள் எல்லோரும் மதிக்கும் மூத்த சகோதரர் ஒருவர் நடைவழியில் அவனை நிறுத்தி, "இது கல்யாணத்துக்குப் போடுகிற உடை தம்பி, கர்த்தருடைய மேசைக்குப் போடுவதல்ல" என்று மெதுவாகத்தான் சொன்னார். மகன் மறுமொழி எதுவும் சொல்லாமல் தன் முறையை நண்பனிடம் கொடுத்துவிட்டு எங்கள் அருகில் வந்து அமர்ந்தான். கூட்டம் முடியும்வரை இரண்டு உள்ளங்கைகளாலும் முழங்கால்களை மூடிக்கொண்டே இருந்தான். எனக்கு அதுதான் மனத்தை விட்டுப் போகவில்லை.

சிந்தித்துச் சொல்வதாக எங்கள் வார்டின், அதாவது உள்ளூர்ச் சபையின், ஆயர் அவகாசம் கேட்டிருக்கிறார். இதைக் குறித்து அனுபவமோ அறிவோ உள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன். மகன் செய்தது சரிதான் என்று யாராவது சொல்லிவிட வேண்டும் என்பதற்காகக் கேட்கவில்லை. சரியில்லை என்றால் ஏன் சரியில்லை என்பதை அவனிடம் சொல்வதற்கு எனக்கு நேர்மையான காரணம் வேண்டும்.

உப்பேரிவாசி எழுதியது:

சகோதரரே, நான் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், சால்ட் லேக் சிட்டியில் இருக்கிறேன். சில ஆண்டுகள் ஆயருக்கு ஆலோசகராகவும் இருந்திருக்கிறேன். கில்ட்டைத் தடை செய்யும் விதி சபையில் இல்லை. திருவிருந்தைக் கையாளும் இளைஞர்கள் இயன்ற இடங்களில் வெள்ளைச் சட்டை அணியலாமே என்று 1995 அக்டோபர் பொது மாநாட்டில் மூப்பர் ஜெஃப்ரி ஹாலண்ட் ஆலோசனையாகச் சொன்னார். வெள்ளைச் சட்டையும் டையும் பரிந்துரைக்கப்படுகின்றன, ஆனால் அவற்றைக் கட்டாய நிபந்தனையாக்கக் கூடாது என்று சபையின் முந்தைய கையேடு தெளிவாகவே சொல்லியிருந்தது. இடுப்புக்குக் கீழே என்ன அணிய வேண்டும் என்று அங்கே ஒரு சொல்லும் கிடையாது. சபை வெளியிடும் இளைஞருக்கான வழிகாட்டி 2022இல் திருத்தப்பட்டபோது, உடையைப் பற்றிய நீண்ட பட்டியல்களை எடுத்துவிட்டுக் கோட்பாடுகளை மட்டும் வைத்தார்கள்.

ஆனால் விதி இல்லை என்பதோடு கேள்வி முடிந்துவிடுவதில்லை. திருவிருந்தில் பங்கெடுப்பவர்கள் வழிபாட்டிலிருந்து கவனத்தைத் திருப்பக்கூடிய உடையையோ அணிகலனையோ தவிர்க்க வேண்டும் என்று இப்போதைய பொதுக் கையேடு சொல்கிறது. அதற்கு ஆழமான காரணம் இருக்கிறது. அந்தப் பத்து நிமிடங்களில் சபையார் ஒருவரை மட்டுமே நினைவுகூர வேண்டும். உங்கள் மகன் தாத்தாவை நினைவுகூர விரும்புகிறான்; அது அழகான விருப்பம். ஆயினும் அந்த மேசை வேறொருவரின் நினைவுக்காக விரிக்கப்பட்டது அல்லவா? இருக்கையில் அமர்ந்திருக்கும்போது கில்ட் அணியட்டும், மேசைக்குப் போகும் வாரத்தில் காற்சட்டை அணியட்டும் என்பதே என் கருத்து. நடைவழியில் வைத்து, அதுவும் கூட்டம் தொடங்கும் நேரத்தில், ஒரு பையனிடம் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

பசிபிக்காற்று எழுதியது:

நான் பசிபிக் கடலிலுள்ள டோங்கா தீவுகளில் இரண்டு ஆண்டுகள் சபையின் ஊழியக்காரனாக (மிஷனரியாக) இருந்தவன் என்பதால் எனக்கு இதில் வேறு அனுபவம் உண்டு. அங்கே ஞாயிற்றுக்கிழமை திருவிருந்து மேசையில் நிற்கும் ஆண்கள் டுபேனு அணிந்திருப்பார்கள். முழங்காலுக்குக் கீழே இறங்கும், இடுப்பில் சுற்றிக்கட்டும் ஒற்றைத் துணி அது. அதன்மேல் தாஓவாலா என்னும் முடைந்த பாயை இடுப்பில் சுற்றி, தென்னை நாரால் திரித்த கயிற்றால் கட்டியிருப்பார்கள். மேலே வெள்ளைச் சட்டையும் டையும். ஊழியக்காரர்களாகிய நாங்களும் அப்படியே அணிந்தோம். சமோவாவில் இஏ ஃபைதங்கா, பிஜியில் சூலு என்று பெயர்கள் மாறுமே தவிர, பாவாடை போல் சுற்றிய துணியோடு ஆண்கள் கர்த்தருடைய மேசையில் முழங்காற்படியிடுவது அங்கெல்லாம் வாராவாரம் நடப்பது. டோங்காவில் தாஓவாலா இல்லாமல் பெரியவர்கள் முன்னால் போய் நிற்பதுதான் மரியாதைக் குறைவு.

நான் போய்ச் சேர்ந்த முதல் ஞாயிறு எனக்குத்தான் கூச்சமாக இருந்தது. காற்று வீசும்போதெல்லாம் துணியைப் பிடித்துக்கொண்டே நடந்தேன். பாயை நான் கட்டியிருந்த விதத்தைப் பார்த்த முதியவர் ஒருவர் கயிற்றை அவிழ்த்து, பாயை இரண்டு விரல் உயரம் மேலேற்றி, மீண்டும் இறுக்கிக் கட்டிவிட்டார். அவர் ஒன்றும் பேசவில்லை. அன்று முதல் அது எனக்கு வேடமாகத் தோன்றாமல் உடையாகவே ஆகிவிட்டது.

ஆகவே உப்பேரிவாசி ஐயா சொல்லும் கவனச்சிதறல் துணியில் இல்லை, பார்க்கிறவர்களின் பழக்கத்தில் இருக்கிறது என்று நினைக்கிறேன். இருந்தாலும் ஒரு வேறுபாட்டை ஒப்புக்கொள்ள வேண்டும். டோங்காவில் அது எல்லோரும் வாராவாரம் அணிவது. கிளாஸ்கோவில் கில்ட் அப்படியா என்பதை அங்கே இருப்பவர்கள்தான் சொல்ல வேண்டும்.

கருங்கல்வீதி எழுதியது:

நான் அபர்தீனில் வசிப்பவன். உங்கள் சபையைச் சேர்ந்தவன் அல்லன். ஸ்காட்லாந்துத் திருச்சபைக்குப் போகிறவன். ஸ்காட்லாந்தின் வரலாற்றில் ஈடுபாடு உண்டு என்பதால் ஒன்றை மட்டும் சொல்ல விரும்புகிறேன், யாரும் வருந்த வேண்டாம். கில்ட்டுக்கு ஆதரவாகப் பேசுகிறவர்கள் அடிக்கடி "இது எங்கள் மூதாதையர் தொன்றுதொட்டு அணிந்த உடை" என்று தொடங்குவார்கள். அந்த வாதம் நிற்காது.

ஸ்காட்லாந்தின் வடக்கிலுள்ள மலைநாட்டில் பழைய மக்கள் உடுத்தியது உடல் முழுவதையும் சுற்றும் பெரிய போர்வை. இடுப்பில் வார் கட்டி, மேல்பாதியைத் தோளில் இழுத்துப் போட்டுக்கொள்வார்கள். இன்று நாம் காணும், கீழ்ப்பாதி மட்டுமே உள்ள சிறிய கில்ட் 18ஆம் நூற்றாண்டில்தான் பரவியது. லங்காஷயரிலிருந்து மலைநாட்டுக்கு வந்து இரும்பு உருக்கு உலை நடத்திய தாமஸ் ராலின்சன் என்ற, குவேக்கர் என்னும் கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த ஆங்கிலேயர் அதை வகுத்தார் என்று சொல்வதும் உண்டு. ஸ்டூவர்ட் வம்சத்தை மீண்டும் அரியணையேற்ற எழுந்த ஜேக்கபைட் கலகம் தோற்ற பிறகு, 1746இல் இயற்றிய சட்டத்தால் மலைநாட்டு உடையையே அரசு தடை செய்தது. படைவீரர்களுக்கு மட்டும் விலக்கு இருந்தது. பிளாக் வாட்ச் படைப்பிரிவு அந்த விலக்கில்தான் தன் டார்ட்டனைத் தொடர்ந்து அணிந்தது. 1782இல் தடை நீங்கியது. பிறகு 1822இல் நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோவுக்கு வந்தபோது, எழுத்தாளர் வால்ட்டர் ஸ்காட் முன்னின்று நடத்திய வரவேற்புக்குப் பிறகுதான் தெற்கிலுள்ள தாழ்நிலத்துச் செல்வந்தர்களும் கில்ட்டைத் தங்கள் தேசிய உடையாகக் கொண்டாடத் தொடங்கினார்கள்.

உங்கள் சபையில் 1840களில் சேர்ந்த ஸ்காட்லாந்துக்காரர்களில் பெரும்பாலோர் தாழ்நிலத் தொழில் ஊர்களின் நெசவாளர்களும் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களும்தாம். அவர்கள் கில்ட் அணிந்து கூட்டத்துக்குப் போகவில்லை. ஆகவே கிளைட்கரை ஐயா, மகனின் விருப்பத்தைப் பழம்பெருமையின்மேல் கட்ட வேண்டாம். தாத்தாவின் உடை என்பதே போதிய காரணம், மேலும் அதுவே உண்மையான காரணம்.

எங்கள் கோவிலில் ஞானஸ்நானத்துக்கும் புனித ஆண்ட்ரூ திருநாளுக்கும் கில்ட் அணிந்து வருகிறவர்கள் உண்டு. சாதாரண ஞாயிறுகளிலும் ஓரிருவர் அணிந்து வருவார்கள். யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

ஆர்தர்குன்று எழுதியது:

கருங்கல்வீதி ஐயா சொன்ன வரலாறு சரிதான். ஒரு சகோதரியாக, இந்தச் சபையின் பக்கத்திலிருந்து சிலவற்றைச் சேர்க்க விரும்புகிறேன். 1839 டிசம்பரில் ஸ்காட்லாந்துக்கு முதலில் வந்த ஊழியக்காரர்கள் அலெக்சாண்டர் ரைட், சாமுவேல் மலினர் ஆகிய இருவரும் இந்த மண்ணில் பிறந்து கனடாவில் குடியேறி அங்கே சபையில் சேர்ந்தவர்கள். அடுத்த ஆண்டு எடின்பரோவுக்கு வந்த அப்போஸ்தலர் ஆர்சன் பிராட், ஆர்தர்ஸ் சீட் குன்றின்மேல் ஏறி, இந்த நகரத்தில் 200 ஆத்துமாக்களைத் தரும்படி ஜெபித்தார். அந்த எண்ணிக்கை நிறைவேறியது. நாங்கள் பிள்ளைகளை இன்றும் அந்தக் குன்றுக்கு அழைத்துப் போகிறோம். அந்த முதல் ஊழியக்காரர்கள் எந்த உடையில் வந்தார்கள் என்பதை எங்களில் யாரும் சிந்தித்ததுகூட இல்லை. இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் வேதநூலான மார்மன் புஸ்தகத்தில், ஆல்மா என்னும் தீர்க்கதரிசியின் பெயரிலுள்ள பகுதியின் 32ஆம் அதிகாரம் எப்படித் தொடங்குகிறது என்று நினைத்துப் பாருங்கள். உடை முரடாக இருந்தது என்பதற்காக ஜெப ஆலயத்திலிருந்து துரத்தப்பட்ட ஏழைகளிடம்தான் ஆல்மா விசுவாசத்தை விதையோடு ஒப்பிட்டுப் பேசுகிறார். அவர்களைத் துரத்தியவர்கள் நல்ல உடை உடுத்தியவர்கள். அதனால் ஒரு பையனை அவன் உடைக்காக மேசையிலிருந்து விலக வைத்தது எனக்கு வலிக்கிறது. அதே அதிகாரம் எதிர்ப்புறமாகவும் என்னை யோசிக்க வைக்கிறது. கையால் தைத்த நல்ல கில்ட்டும் அதற்குரிய ஜாக்கெட்டும் காலணியும் வாங்கப் பல நூறு பவுண்டுகள் ஆகும். உங்கள் வார்டில் அதே மேசையில் நிற்கும் மற்ற பையன்களின் வீட்டில் அப்படி ஓர் உடை இருக்கிறதா? நாளைக்கு இன்னொரு பையன் தன் தாயிடம் அதைக் கேட்டு, அந்தத் தாய் சங்கடப்பட நேர்ந்தால் அதையும் நாம் நினைத்திருக்க வேண்டும். இதை எதிர்ப்பாகச் சொல்லவில்லை. பரம்பரையாக வந்த பழைய கில்ட், எளிய ஜாக்கெட் என்று அடக்கமாக இருந்தால் அந்தச் சங்கடம் பெரிதும் குறையும்.

கில்ட் என்றவுடனே உள்ளே என்ன என்று கேட்கும் பழைய கேலி ஒன்று இந்த நாட்டில் உண்டு. ஆலயத்தில் (ஞாயிறு கூடும் கோவில் அல்ல, சிறப்பு நியமங்கள் நடக்கும் இடம்) உடன்படிக்கை செய்த பெரியவர்கள் முழங்கால்வரை வரும் பரிசுத்த உள்ளாடையை எந்த உடைக்குள்ளும் அணிகிறார்கள், கில்ட்டுக்குள்ளும் அப்படியே. உங்கள் மகன் இன்னும் அந்த வயதை எட்டவில்லை, ஆகவே அவனுக்கு அந்தக் கேள்வியே எழாது. யாராவது அவனிடம் அந்தக் கேலியைக் கோவில் வளாகத்தில் பேசினால் நீங்கள் அருகில் இருந்து தடுத்துவிடுங்கள்.

ஆலயத்தைப் பொறுத்தவரை குழப்பமே இல்லை. உள்ளே நடக்கும் நியமங்களுக்கு எல்லோரும் வெள்ளை உடைதான். என் தம்பியின் திருமணம் லங்காஷயரில் உள்ள ஆலயத்தில் நடந்தபோது கில்ட் அணிந்தே வந்தான். வாயிலுக்குள் போனதும் அதைக் கழற்றி வைத்துவிட்டு வெள்ளையில் நின்றான். முத்திரிக்கப்பட்ட பிறகு, அதாவது திருமண நியமம் முடிந்த பிறகு, மீண்டும் கில்ட் அணிந்துகொண்டு வெளியே வந்து எங்களோடு படம் எடுத்துக்கொண்டான். எடின்பரோவிலேயே ஆலயம் கட்டப்படும் என்று 2024 ஏப்ரல் மாநாட்டில் அறிவித்த நாளில் என் தாயார் அழுதேவிட்டார்.

கம்பளிஊசி எழுதியது:

நான் கில்ட் தைக்கும் பட்டறை ஒன்றில் பல ஆண்டுகள் வேலை செய்தவள். சபை விவகாரத்தில் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை, துணி விவகாரத்தில் சொல்வேன். கவனச்சிதறலைப் பற்றி ஐயாக்கள் பேசுகிறீர்கள். அதில் பாதி, உடையைச் சரியாக அணிந்தால் தானாகவே தீர்ந்துவிடும்.

முதலில் அளவு. முழுக் கில்ட் என்பது 8 கஜத் துணி. முன்பக்கம் பலகை என்று நாங்கள் சொல்லும் இரண்டு மடிப்பில்லாத் துணிப் பகுதிகள் ஒன்றின்மேல் ஒன்றாகப் படியும். மீதித் துணி முழுவதும் பின்புறத்தில் கொசுவங்களாகிவிடும். ஆகையால்தான் அது ஏறக்குறைய இரண்டு கிலோ கனக்கிறது. அடி ஓரத்தை நாங்கள் மடித்துத் தைப்பதில்லை. தறியிலிருந்து வந்த கரையே ஓரமாக நிற்கும். அதனால் கில்ட்டின் நீளத்தைப் பிறகு கூட்ட முடியாது. தாத்தாவுக்கும் பேரனுக்கும் உயரம் ஒத்துவந்தால் மட்டுமே அது அவனுக்குச் சேரும். சரிபார்க்கும் முறை மிகப் பழையது: அணிந்தவரை நேராக முழங்காற்படியிடச் சொல்வோம். ஓரம் தரையைத் தொடாமல், ஓர் அங்குலம் மேலே சமமாக நிற்க வேண்டும். எழுந்து நின்றால் அது முழங்கால் சில்லின் நடுவில் வந்து நிற்கும். தரையில் புரண்டால் நீளம், மூன்று நான்கு அங்குலம் ஏறி நின்றால் குட்டை.

திருவிருந்து மேசையில் பையன் முழங்காற்படியிட்டுத்தான் ஜெபிப்பான் என்று மேலே படித்தபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது இதுதான். எங்கள் பட்டறையில் கில்ட் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதே அந்த நிலையில்தான்.

அடுத்து, முன்னால் தொங்கும் ஸ்போரன் பை. மாலை விருந்துக்கு அணியும் ரோமப் பை வேண்டாம், சாதாரணத் தோல் பையே பகலுக்கு உரியது. அதற்கும் சங்கிலி உண்டு, அசைந்தால் ஒலிக்கும். அமைதியான கூடத்தில் அந்த ஒலி எல்லோர் காதிலும் விழும். மேசைக்குப் போகும்போது அதைக் கழற்றித் தாயிடம் கொடுத்துவிடலாம். இல்லாவிட்டால் முரசடிப்பவர்களைப் போல இடுப்பின் பக்கவாட்டில் தள்ளிக்கொள்ளலாம். காலுறையில் செருகும் ஸ்கீன் டூ கத்தியை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். தேசிய உடையின் பகுதி என்று நாட்டுச் சட்டம் அதற்கு விலக்கு அளிக்கிறது, ஆனால் கோவிலில் பையனுக்குக் கத்தி எதற்கு? கில்ட் ஊசியை மேல் பலகையில் மட்டும் குத்த வேண்டும். இரண்டையும் சேர்த்துக் குத்தினால் உட்காரும்போது துணி இழுபட்டுக் கிழியும். வெள்ளைக் காலுறை பளிச்சென்று கண்ணில் அடிக்கும். சாம்பல் நிறம் வாங்குங்கள்.

உட்காரும் விதத்தையும் சொல்லிக்கொடுங்கள். பின்னால் ஒரு கையை வைத்துக் கொசுவங்களைக் கீழ்நோக்கித் தடவிக்கொண்டே உட்கார வேண்டும், முழங்கால்கள் சேர்ந்திருக்க வேண்டும். முழங்காற்படியிடும்போதும் அதே போல் ஒரு தடவை தடவினால் கொசுவம் கலையாது. நாலைந்து முறை வீட்டில் பழகினால் கை தானாகவே போகும். முழங்காலை மூடிக்கொண்டு உட்கார்ந்தான் என்று எழுதியிருந்தீர்கள் ஐயா. அது வெட்கத்தால் மட்டும்தானா, எப்படி உட்காருவது என்று யாரும் சொல்லித்தராததாலும்தானா என்று கேட்டுப் பாருங்கள்.

உப்பேரிவாசி எழுதியது:

கத்தியைப் பற்றிச் சகோதரி சொன்னதற்குச் சபையின் விதியும் துணை நிற்கிறது. காவல்துறையினர் தவிர வேறு யாரும் சபை வளாகத்துக்குள் உயிருக்கு ஆபத்தான ஆயுதம் கொண்டுவரக் கூடாது என்று 2019இல் கையேட்டைத் திருத்தியிருக்கிறார்கள். அடையாளத்துக்கு வைத்ததுதானே என்று வாதாடிக்கொண்டிருக்க வேண்டாம்.

பசிபிக்காற்று எழுதியதைப் படித்த பிறகு என் கருத்தில் ஒரு பகுதியை மாற்றிக்கொள்கிறேன். நான் யூட்டாவிலிருந்துகொண்டு பார்த்தேன். எங்கள் மாநிலம் 1996இல் தனக்கென்று ஒரு டார்ட்டனையே ஏற்றுக்கொண்டது, மலைநாட்டு விளையாட்டு விழாக்களில் கில்ட் அணிந்தவர்கள் திரளாக வருவார்கள். ஆயினும் இங்குள்ள வார்டில் ஒருவர் அதை அணிந்து திருவிருந்து மேசையில் நின்றால் எல்லோர் கண்ணும் அங்கேதான் போகும். கிளாஸ்கோவில் அப்படி ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. எங்கள் பழக்கத்தை அளவுகோலாக வைத்து உங்கள் பையனை நான் அளந்துவிட்டேன், மன்னிக்கவும்.

ஆனால் யாருடைய நினைவு என்று நான் கேட்ட கேள்வியை இன்னும் விடவில்லை. அதற்கு அந்தப் பையன்தான் பதில் சொல்ல வேண்டும். உங்கள் ஆயர் அவனிடமே கேட்டால் நல்லது. இன்னொன்றும் சொல்கிறேன்: மேசைக்குப் போகும் முன் இரண்டு மூன்று ஞாயிறுகள் குடும்பத்தோடு இருக்கையில் கில்ட் அணிந்து அமரட்டும். சபையார் பார்க்க வேண்டியதை எல்லாம் அந்த நாட்களில் பார்த்து முடித்துவிடுவார்கள்.

ஆர்தர்குன்று எழுதியது:

இந்த யோசனை எனக்கும் சரியென்று படுகிறது. பிற்காலத்தில் சபைக்கு ஒன்பதாவது தலைவரான டேவிட் மெக்கே, 1897 முதல் 1899 வரை ஸ்காட்லாந்தில் ஊழியம் செய்த இளைஞர். அவருடைய தந்தை ஸ்காட்லாந்தின் தர்சோவில் பிறந்தவர். வந்த புதிதில் வீட்டு நினைவால் சோர்ந்திருந்த அவர், ஸ்டர்லிங் நகரில் கட்டிக்கொண்டிருந்த ஒரு வீட்டின் வாசற்கல்லில், நீ யாராக இருந்தாலும் உன் பங்கை நன்றாகச் செய் என்று செதுக்கியிருந்ததைக் கண்டு மன உறுதி பெற்றார். அந்தக் கல் இப்போது சால்ட் லேக் சிட்டியில் சபையின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பையன் மேசையில் தன் பங்கை நன்றாகச் செய்தால் அவன் உடையைப் பற்றிய பேச்சு நீளாது என்று நம்புகிறேன்.

கிளைட்கரை எழுதியது:

உங்கள் எல்லோருக்கும் நன்றி. ஐந்து வாரங்களுக்குப் பிறகு வந்து எழுதுகிறேன். நடந்தது முழுவதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆயர் எங்கள் வீட்டுக்கே வந்தார். நான் இந்த இழையை அவருக்குக் காட்டவில்லை. இருந்தும் உப்பேரிவாசி ஐயா கேட்ட அதே கேள்வியைத்தான் மகனிடம் கேட்டார்: மேசையில் நிற்கும்போது யாரை நினைப்பாய்? மகன் நெடுநேரம் யோசித்தான். திருவிருந்து தொடங்கியது முதல் முடியும்வரை தாத்தா ஒருமுறைகூடத் தலைநிமிர்ந்து யாரையும் பார்த்ததில்லை என்றும், சிறுவயதில் அவர் அருகில் அமர்ந்து அதைப் பார்த்துத்தான் அது முக்கியமான நேரம் என்று தனக்குத் தெரிந்தது என்றும், அந்தத் துணியை உடுத்தினால் தனக்கும் அங்குமிங்கும் பார்க்கத் தோன்றுவதில்லை என்றும் சொன்னான். ஆயர் அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. இரண்டு ஞாயிறுகள் எங்களோடு அமர்ந்திருக்கட்டும், மூன்றாவது ஞாயிறு மேசைக்கு வரட்டும் என்றார்.

கம்பளிஊசி அம்மா, நீங்கள் கேட்கச் சொன்னதை அவனிடம் கேட்டேன். எப்படி உட்காருவது என்று தெரியாமல்தான் பயந்திருக்கிறான். சமையலறை நாற்காலியில் ஒரு மாலை முழுவதும் பழகினான். சாம்பல் நிறக் காலுறை வாங்கினோம். ஸ்போரனை என் மனைவி தன் கைப்பையில் வைத்துக்கொள்வது என்று ஏற்பாடு.

முதலில் அவனைத் தடுத்த மூத்த சகோதரரை நானே போய்ப் பார்த்தேன். அவர் லானர்க்ஷயரில் சுரங்கத் தொழிலாளியின் மகனாகப் பிறந்தவர். தன் சிறுவயதில் கில்ட்டைச் சீமான்கள் வீட்டுத் திருமணத்திலும் படை அதிகாரிகள் மேலும் மட்டுமே பார்த்ததாகவும், தன் தந்தைக்கு ஞாயிற்றுக்கிழமைக்கென்று இருந்தது ஒரே ஒரு காற்சட்டைதான் என்றும் சொன்னார். கருங்கல்வீதி ஐயாவும் ஆர்தர்குன்று சகோதரியும் எழுதியது அப்போது எனக்கு வேறு விதமாக விளங்கியது. அவருக்கு இன்னும் முழுமையாக உடன்பாடில்லை என்றே நினைக்கிறேன். பையனை நடைவழியில் நிறுத்தியிருக்கக் கூடாது என்பதை மட்டும் ஒப்புக்கொண்டார்.

மூன்றாவது ஞாயிறு மகன் மேசைக்குப் போனான். அப்பத்தைப் பிட்டு முடித்ததும், ஒரு கையால் பின்புறக் கொசுவத்தைத் தடவிக்கொண்டு முழங்காற்படியிட்டான். நாங்கள் இரண்டாம் வரிசையில் இருந்ததால் மேசையின் பக்கவாட்டிலிருந்து எனக்குத் தெரிந்தது: கம்பள விரிப்புக்கு ஓர் அங்குலம் மேலே ஓரம் நேராக நின்றது. அந்த ஜெபத்தை ஒரு சொல் பிசகாமல் சொல்ல வேண்டும் என்பது சபையின் முறை. பதற்றத்தில் நடுவே ஒரு சொல்லை விட்டுவிட்டான். ஆயர் தலையசைக்கவும் முதலிலிருந்து மீண்டும் தொடங்கினான். இரண்டாம் முறை அவன் சொல்லி முடிக்கும்வரை கூடத்தில் ஒரு குழந்தைகூட அசையவில்லை. எல்லோரும் அடுத்த சொல்லுக்காகக் காத்திருந்தார்கள். கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது, ஜெபத்தை நன்றாகச் சொன்னாய் என்று நான்கைந்து பேர் அவனிடம் சொன்னார்கள். கில்ட்டைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை.

கம்பளிஊசி எழுதியது:

படித்தேன் ஐயா, மிக்க மகிழ்ச்சி. ஒரு செய்தியை முன்பே சொல்லிவிடுகிறேன், அப்போது மனவருத்தம் இராது. 16 வயதுப் பையன் இன்னும் வளர்வான். இடுப்பு பெருத்தால் வாரின் கொக்கியை நகர்த்தித் தைத்துத் தருவேன். உயரம் கூடினால் ஓரத்தை இறக்க வழியில்லை. முழங்காற்படியிடும்போது இடைவெளி மூன்று அங்குலம் ஆகும் நாளில் கில்ட்டைத் தூரிகையால் துடைத்து, வெயில் படாமல் காற்றாட ஒரு நாள் தொங்கவிட்டு, கொசுவங்களைப் பெரிய தையலாக ஓட்டிக் கட்டி, பூச்சிக்குத் தேவதாரு மரத்துண்டு போட்டு எடுத்து வையுங்கள். மூத்த மகன் என்று எழுதியிருந்தீர்கள், இளையவனும் இருப்பான் என்று நினைக்கிறேன்.

கிளைட்கரை எழுதியது:

இருக்கிறான் அம்மா, வயது 11. நேற்றே அண்ணனின் கில்ட்டைச் சுற்றிக்கொண்டு முழங்காற்படியிட்டுப் பார்த்தான். இப்போதைக்குத் தரையில் ஒரு முழம் புரள்கிறது.